ஃப்ரிட்ஜ் மேல் இருந்த ஐந்து கேள்விகள்

ஐந்து வாரம் எங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசியை எண்ண முடியாது என்று பாடம் நடந்தது. நடத்தியவள் நான். படித்தவள் எங்கள் வீட்டில் சமைத்து, பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்துக் கொடுக்கும் பெண். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, நாற்பத்தாறு. ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய பெயர்ச்சொல் எது, எண்ண முடியாத பெயர்ச்சொல் எது என்று நான் சொல்லிக் கொடுத்ததில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல். தப்பாகச் சொல்லிக் கொடுத்திருந்தால்கூட இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் இலக்கணப் பைத்தியம். பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் ஆங்கிலம் நடத்தினேன். கல்யாணப் பத்திரிகையில் பிழை இருந்தால் பென்சிலால் திருத்திவிட்டுத்தான் தேதியையே பார்ப்பேன். அடையாறில் ஒரு மேஜை நாற்காலிக் கடையின் பலகையில் ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று எழுதியிருக்கிறது. ஃபர்னிச்சரை எண்ணக் கூடாது, பின்னால் ‘ஸ்’ வரவே வராது. பஸ்ஸில் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும். “அந்தக் கடைக்காரன் உன் கையில மாட்டாம இன்னும் தப்பிச்சிண்டிருக்கானே, அதிர்ஷ்டக்காரன்” என்பார் என் கணவர்.

பள்ளிக்கூடத்தை விட்டபிறகு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வகுப்பெடுக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற நம் ஊர்க் குழந்தைகளுக்கு. அவர்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம், எனக்கு விடிகாலை. ஆறரை மணிக்கு ஹெட்போனை மாட்டினால் ஒன்பதரைக்குத்தான் கழற்றுவேன். அந்த மூன்று மணி நேரத்தில் டிகாக்ஷன் இறங்கும், கணவருக்குக் காபி போகும், குக்கர் கூவும், அவருடைய சாப்பாட்டு டப்பா மூடி வாசல் மேஜைக்கு வந்துவிடும். எல்லாம் தானாக நடந்தது. தானாகவா? பாருங்கள், இவ்வளவு நடந்த பிறகும் எனக்கு அந்த வார்த்தைதான் வருகிறது. அவள் செய்தாள்.

முன்பெல்லாம் அவள் ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டி ஆற்றங்கரையில் இருந்தாள். அபிராமபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. பிறகு ஆற்றோரத்து வீடுகளையெல்லாம் எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே, பெரும்பாக்கம் பக்கம், அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். சாமான்களை ஒரு லாரியில் ஏற்றிவிட்டு மறுநாள் என்னிடம் சொல்ல வந்தாள். அழுதிருந்தாள், முகம் வீங்கியிருந்தது. நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “அப்ப இனிமே எத்தனை மணிக்கு வருவே?” ஆறு மணிக்கே வந்துவிடுவேன் என்றாள். வந்தாள். நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் தவறாமல் ஆறு மணிக்கு வந்தாள். இவளைப் போல உண்டா என்று நான் அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டேன்.

போன ஆடி மாதம் ஒரு நாள் என் வகுப்பு முடிந்ததும் சமையலறை வாசலில் முந்தானையால் கையைத் துடைத்தபடி நின்றாள்.

“அம்மா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?”

“வேலைய விட்டு நிக்கப் போறியா?” என்றேன்.

“இல்லம்மா.” உடனே திருத்திக்கொண்டாள். “ஆமாம்மா. கெடைச்சா.”

அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அலுவலகம் வந்திருக்கிறதாம். துப்புரவு வேலையைப் பார்த்துக்கொள்ள சூப்பர்வைசர் வேண்டுமாம். பத்தாவது தேறியிருக்க வேண்டும், கொஞ்சம் ஆங்கிலம் பேச வேண்டும், அவ்வளவுதான். அவள் பத்தாவது தேறியவள். அதுவே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“இங்க உனக்கு என்ன குறை?” என்றேன்.

“கொறலாம் இன்னாம்மா கீது. பாப்பா இந்த வருசம் பத்தாவது. அது எய்ந்துக்கும்போது நான் பஸ்ல நின்னுக்கினு கீறேன். அவரு நைட் வாட்ச்மேனு, எட்டு மணிக்குத்தான் வருவாரு. வயசுப் பொண்ணு, தனியா படுத்துக்கினு கீது. அந்த ஆபீஸ்னா எட்டு மணிக்கு நடந்தே போய்டலாம். அது எய்ந்துக்கும்போது நான் வூட்ல இருக்கணும்மா. ஒரு வருசமாவது.” பிறகு சிரித்துக்கொண்டே, “இங்கிலீஷு உன்ன விட்டா எனக்கு யாரு சொல்லித் தருவாங்க?” என்றாள்.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? இன்டர்வியூவுக்கு அஞ்சு வாரம் இருக்கிறது, தினமும் வேலை முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார், சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. நான் பெரிய மனுஷியாக “அதெல்லாம் எதுக்கு, போய் வேலையப் பாரு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். உள்ளே போனதும் எனக்கு வந்த முதல் யோசனை, இவள் போய்விட்டால் காலை வகுப்பை என்ன செய்வது என்பதுதான்.

மறுநாளே பாடம். சமையல் மேடையில் இரண்டு தாம்பாளம் வைத்தேன். ஒன்றில் வெங்காயம், தக்காளி, கரண்டி, எலுமிச்சம்பழம். இன்னொன்றில் கிண்ணம் கிண்ணமாக அரிசி, உப்பு, சர்க்கரை, எண்ணெய். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்திருந்தாள். நடுவில் கோடு போடச் சொன்னேன். இடப்பக்கம் எண்ணலாம், வலப்பக்கம் எண்ண முடியாது.

“அரிசிய ஏம்மா எண்ண முடியாது? கல்லு பொறுக்கறப்போ ஒண்ணொண்ணாத்தானே பாக்கறேன்?”

“பாப்பே. ஆனா கடைக்குப் போனா எத்தனை அரிசி வேணும்னா கடைக்காரன் கேப்பான்?”

யோசித்தாள். “எவ்ளோ அரிசின்னுதான் கேப்பான்.”

“வெங்காயம்?”

“எத்தினி வெங்காயம்…” என்று ஆரம்பித்தவள் கையைத் தட்டிச் சிரித்தாள். “அட! எத்தினின்னு கேட்டா எண்றது. எவ்ளோன்னு கேட்டா எண்ணாதது. இது நமக்கே தெரிஞ்சதுதாம்மா!”

எத்தனை, எவ்வளவு. ‘மெனி’, ‘மச்’. இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் நான் கரும்பலகை நிறைய எழுதி விளக்கியதை அவள் அப்பளக் குழவியைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டாள். அங்கேயே பாடத்தை மூடியிருக்கலாம். ‘உன் பெயர் என்ன, எங்கே வேலை செய்கிறாய்’ என்று மறுநாள் ஆரம்பித்திருந்தால் ஐந்து வாரத்தில் அவளைப் பேசவே வைத்திருக்கலாம். எனக்கு அது தெரியாதா? இருபது வருட வாத்தியார், நன்றாகத் தெரியும்.

நான் அதையே இழுத்தேன். இரண்டாவது நாள் பால், தயிர், மோர். மூன்றாவது நாள் எண்ண முடியாததை எப்படி எண்ணுவது: ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு துண்டு ரொட்டி, ஒரு கரண்டி சர்க்கரை. அதற்குப் பிறகு விதிவிலக்குகள். அய்யோ, அந்த விதிவிலக்குகள்! தலையில் இருக்கும் முடியை எண்ணக் கூடாது, சாம்பாரில் விழுந்த ஒற்றை முடியை எண்ணலாம் என்றேன்.

“ஆமாம்மா, அய்யா கொயம்புல கெடைச்சாத்தானே எண்ணுவாரு” என்றாள்.

அட்வைஸை எண்ண முடியாது என்றபோது, “எங்க மாமியார வந்து பாரு, நெசமாவே எண்ண முடியாது” என்றாள். ‘ஒர்க்’கை எண்ணக் கூடாது, ‘ஜாப்’பை எண்ணலாம் என்றபோது பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். “சரிதான். வேலைய எண்ண ஆரம்பிச்சா தல சுத்தும்” என்று எழுதிக்கொண்டாள். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன்னால் இருந்ததில்லை. அதனால்தான் நான் நல்ல காரியம் செய்வதாக என்னாலேயே நம்ப முடிந்தது.

இரண்டாவது வாரம் ஒரு சீட்டு கொண்டுவந்தாள். அவள் குடியிருக்கும் கட்டடத்தில் இன்னொரு பெண் அதே அலுவலகத்தில் ஏற்கெனவே துப்புரவு வேலையில் சேர்ந்திருந்தாள். நேர்காணலில் தன்னிடம் கேட்ட கேள்விகளை அந்தப் பெண் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்திருந்தாள். காலண்டர் தாளின் பின்பக்கம், தமிழ் எழுத்தில் ஐந்து கேள்விகள். உன்னைப் பற்றிச் சொல். இப்போது என்ன வேலை செய்கிறாய். எத்தனை வருடமாக. ஏன் இந்த வேலைக்கு வருகிறாய். பாத்ரூம் சுத்தமாக இல்லை என்று யாராவது புகார் சொன்னால் என்ன செய்வாய்.

“இதத்தாம்மா எல்லாரையும் கேக்கறாங்களாம். இதுக்கு மட்டும் பதில் எழுதிக் குடுத்தா மனப்பாடம் பண்ணிக்குவேன்.”

“மனப்பாடம் பண்ணி என்ன பிரயோஜனம்? ஒரு வார்த்தை மாத்திக் கேட்டா முழிப்பே. அஸ்திவாரம் முதல்ல. இது கடைசி ரெண்டு நாள்ல பாத்துக்கலாம்.”

சீட்டை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல், என் தைராய்டு மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன். “நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவள் நோட்டைப் பிரித்தாள்.

அன்று மாலை என் கணவர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

“என்னடி இது, லக்கேஜ், ஃபர்னிச்சர், மிஷினரின்னு? இதெல்லாம் அவளுக்கு எதுக்கு?”

“அடிப்படை தெரிய வேண்டாமா? சரளி வரிசை பாடாம யாராவது கீர்த்தனைக்குப் போவாளா?”

எங்கள் பக்கத்தில் இந்தப் பதிலுக்கு மறுபேச்சு கிடையாது. நான் சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்டது இப்படித்தான். மூன்று வருடம் சரளியும் ஜண்டையும் பாடினேன், ஒரு முழுப் பாட்டு வருவதற்குள் எனக்கு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். ஆனாலும் அதுதான் ஒழுங்கு, அதுதான் முறை என்று எங்கள் ரத்தத்திலேயே ஏறியிருக்கிறது. அடிமேல் அடி வைத்து, இலக்கணத்தோடு, தப்பில்லாமல். இல்லாவிட்டால் வாயையே திறக்காதே.

“அவ கச்சேரி பண்ணப் போறதில்லடி. இன்டர்வியூக்குப் போறா” என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அவருக்குப் புரிந்திருந்தது. எனக்கும் புரிந்திருந்தது. அவள் தேறிவிட்டால் மறுநாள் காலை ஆறு மணிக்கு என் வீட்டு மணி அடிக்காது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கு நானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அஸ்திவாரம், அஸ்திவாரம் என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு சௌகரியமான வார்த்தை அது! உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் அதற்கு அடியில் போய்விடும்.

ஐந்தாவது வாரம் அவளே வாயைத் திறந்து கேட்டாள். “அம்மா, அந்தக் கேள்விலாம் எப்பம்மா?” சனிக்கிழமை, என்றேன். திங்கட்கிழமை நேர்காணல். சனிக்கிழமை எனக்கு வகுப்பு கிடையாது, நாள் முழுக்க உட்காரலாம், ஐந்து கேள்விக்கும் பதில் எழுதி, நான் கேட்டு நீ சொல்லி, பத்துத் தடவை பண்ணிவிடலாம் என்றேன். மகளிடம் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள்.

சனிக்கிழமை காலை நான் தி. நகர் போனேன்.

போக வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வைத்துக் கொடுக்க ரவிக்கைத் துணி வாங்க வேண்டும், நவராத்திரிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. “பதினோரு மணிக்குள்ள வந்துடறேன், நீ வேலைய முடிச்சு வை” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கடையில் கூட்டம். ஒரு கடையில் பிடித்த நிறம் இல்லை என்று இன்னொரு கடை ஏறினேன். பாண்டி பஜாரில் பூச்சட்டி பார்த்தேன், ஹேர்பின் பார்த்தேன், வேண்டாத டப்பர்வேர் மாதிரி ஒரு டப்பா வாங்கினேன். ஒரு மணிக்கு ஹோட்டலில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். மணியைப் பார்க்காமல் இருந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். நாலு தடவை பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது நாலு மணி. சாவி எதிர் ஃப்ளாட்டில் இருந்தது. இரண்டரை வரைக்கும் மாடிப்படியில் நோட்டோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள் என்று எதிர்வீட்டு மாமி சொன்னார். சமையலறை பளபளவென்றிருந்தது. தாம்பாளம் இரண்டையும் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருந்தாள். ஐஸ் தண்ணீர் எடுக்கப் போனபோது ஐந்து கேள்விச் சீட்டு மாத்திரை டப்பாவுக்கு மேலே இருந்தது. எடுத்து அடியில் வைத்தேன். போனில் கூப்பிட்டாவது சொல்லித் தரலாம் என்று தோன்றியது. பஸ்ஸில் இருப்பாள், இரைச்சலில் கேட்காது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, அவள் பஸ்ஸில் இல்லை. அன்றும் நான் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மணி அடித்தது. அந்தச் சத்தம் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“இன்னா சொல்றது போ” என்று காபிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே சொன்னாள். “சின்னப் பொண்ணுதாம்மா கேட்டுச்சு, நம்ம பாப்பாவுக்கு அக்கா மாரி கீது. நல்லாத்தான் சிரிச்சுக்கினே கேட்டுச்சு. இப்ப இன்னா வேலை செய்றீங்கன்னு. அந்தச் சீட்டுல இருந்த கேள்விதான். வாயத் தொறந்தேன். ஒர்க்கா ஜாப்பா, எண்றதா எண்ணாததா, முன்னால ‘எ’ வருமா வராதான்னு அதே ஓடுதும்மா. தப்பாச் சொல்லிட்டா உன் பேரு கெட்டுடுமேன்னு வேற. அது காத்துக்கினே கீது, நான் நின்னுக்கினே கீறேன். பின்னால தமிழ்ல சொல்லிட்டேன். சரிங்க்கா, சொல்லி அனுப்பறோம்னுச்சு.”

“சொல்லி அனுப்புவாளா இருக்கும்.”

“இல்லம்மா. எனக்கு முன்னால போனவ தப்புத் தப்பா பேசினா. ஐ ஒர்க்கு மூணு ஹவுசுன்னா. அவளுக்குக் குடுத்துட்டாங்க.”

என் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்திருக்கிறாள். அதைக் கேட்டு அங்கேயே நான் பூமிக்குள் போயிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அன்று முதலில் வந்தது நிம்மதி. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன், காபி மேஜைக்கு வந்தது. அன்றைக்கு நான் வகுப்பை நன்றாக நடத்தினேன்.

வெட்கம் பிறகுதான் வந்தது. அதுவும் தவணை தவணையாக. அந்தத் தீபாவளிக்கு அவளுக்கு வழக்கத்தைவிட நல்ல புடவை வாங்கினேன். “எதுக்கும்மா இவ்ளோ நல்லதா?” என்று தடவித் தடவிப் பார்த்தாள். அவள் மகளுக்குச் சுடிதார், ஒரு ஆங்கில இலக்கணப் புத்தகம். பாடத்தைத் தொடரலாமா என்று ஒரு நாள் கேட்டேன். “போதும்மா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்த ஒருவர் இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்று கேட்டால் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் காலைப் பேச்சுகள் என் காதில் விழ ஆரம்பித்தன. முன்னாலும் பேசியிருப்பாள், நான் கவனித்ததில்லை. ஆறே காலுக்கு டிகாக்ஷனுக்குப் பொடி போட்டுவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மகளை எழுப்புவாள். “எய்ந்துட்டியா? ம்ம்? எங்க, பேசு பாப்போம். கண்ண மூடிக்கினு பேசற. எய்ந்து உக்காரு. லைட்டப் போடு.” சில நாள் அந்தப் பக்கம் எடுக்கவே மாட்டாள். இவள் மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பாள். அரிவாள்மணையில் பீன்ஸ் ஓடும், முகம் மட்டும் போனிலேயே இருக்கும். நான் ஹாலில் ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு மகள் எடுக்கிற வரைக்கும் காத்திருப்பேன். எடுத்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் மாட்டிக்கொள்வேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

பங்குனியில் பொதுத் தேர்வு வந்தது. ஐந்து பரீட்சைக்கும் காலையில் மட்டும் லீவு கேட்டாள். என் வகுப்பில் அப்போது குழந்தைகளுக்கும் ஏதோ தேர்வு. “இங்கிலீஷுக்கும் கணக்குக்கும் எடுத்துக்கோயேன்” என்று பெரிய தாராளமாகச் சொன்னேன். திருந்திவிட்டேன் என்று நினைத்தீர்களா? மனுஷி அவ்வளவு சீக்கிரம் திருந்துவதில்லை.

முதல் பரீட்சை தமிழ். அன்று ஆறு மணிக்கு வந்துவிட்டாள். வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் போனைப் போட்டாள்.

“எய்ந்துட்டியா? குளிச்சிட்டியா? இட்லி ஹாட்பாக்ஸ்ல கீது. ஹால் டிக்கெட்டு எங்க வெச்ச? பாத்துச் சொல்லு. தோ, நான் லைன்லயே கீறேன், பாத்துட்டு வா.” காத்திருந்தாள். “ஆங். ரெண்டு பேனா வெச்சுக்கோ. பயப்படாத. இன்னாத்துக்கு அயுவுற? அம்மா அங்கதான் கீறேன்னு நெனச்சுக்கோ. சாமி படத்தாண்ட நின்னுட்டுப் போ. அயுவாதடா.”

நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். திரையில் இரண்டு குழந்தைகள் வந்துவிட்டார்கள். கையில் இருந்த ஹெட்போனை மேஜையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அவள் போனை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குக்கரை அடுப்பில் ஏற்றினாள்.

“இன்னிக்கு நீ வீட்ல இருந்திருக்கணும்” என்றேன்.

“ஆமாம்மா” என்றாள்.

“அந்த வேலை உனக்குக் கெடைச்சிருக்கணும். அந்த அஞ்சு கேள்விய நான் சொல்லிக் குடுத்திருக்கணும். தப்பு என்னோடதுதான். நான்…” இவ்வளவு தூரம் வந்துவிட்டு, அந்த ஓர் இடத்தில் மறுபடி சறுக்கினேன். “நான் மறந்துட்டேன்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் அப்படி நேராகப் பார்த்ததில்லை.

“மறக்கலம்மா நீ” என்றாள்.

குரல் உயரவில்லை. கையில் இருந்த துணியால் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“ஃப்ரிட்ஜ் மேல தெனம் யாரு தொடைக்கிறது? நாந்தானே. தொடைச்சிட்டு, மாத்தர டப்பாவ வெச்சு, அது மேல அந்தச் சீட்ட வெச்சிட்டுப் போவேன். நீ காலைல மாத்தர எடுக்க வருவல்ல, கண்ணுல படட்டும்னு. மறுநா வந்து பாத்தா அது டப்பாவுக்கு அடில கீது. சரின்னு மறுபடியும் மேல வெப்பேன். மறுநா மறுபடியும் அடில கீது.”

ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் மாத்திரைக்குக் கை நீட்டும்போது அந்தக் காலண்டர் தாள் விரலில் பட்டது, அதை எடுத்து அடியில் தள்ளியது, டப்பாவைச் சரியாக அதன் மேல் பொருத்தியது, எல்லாம் என் கைக்கு ஞாபகம் இருந்தது. காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று வைப்பதாகத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

“தெரிஞ்சும் ஏன் என்னைக் கேக்கல நீ? வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!” என்றேன். அழுகையோடு கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

“கேட்டுக்கினுதானேம்மா இருந்தேன்” என்றாள். “தெனம்.”

ஹாலில் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு குழந்தை “மேம்? மேம்?” என்று கூப்பிட்டது. குக்கர் முதல் விசில் அடித்தது. அவள் அடுப்பைக் குறைத்தாள்.

“போம்மா, உனக்கு கிளாஸுக்கு நேரமாச்சு” என்றாள். “காபி எடுத்தாறேன்.”